சூசை வீட்டுச் சுவரும் இரண்டாவது படியும்

பால் காய்ச்சுகிறோம் என்று யாராவது புது வீட்டுக்குக் கூப்பிட்டால் போவேன். ஆனால் போனதும் உட்கார மாட்டேன். நடைத் தாழ்வாரத்தின் கடைசிவரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா, மொட்டைமாடிக் கதவு திறக்கிறதா, படிக்குக் கீழே எதை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கண் தேடும். "வந்த இடத்துலயும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்று என் மனைவி முறைப்பாள்.

சென்ற மாதம் தூத்துக்குடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இப்படி அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் இளம் பொறியாளர் ஒருவர், பெண், என்னைப் பிடித்துக்கொண்டார். பழைய குடியிருப்புகளில் தீ விபத்துக்கு இடமான குறைகளைச் சரிசெய்ய அரசாங்கம் பணம் தரப்போகிறது என்று பேச்சாம். "உங்க காலத்துல இந்த மாதிரி ஃபண்ட் ஏதாவது வந்திருக்கா சார்?" என்று கேட்டார். ஒருமுறை வந்தது என்றேன். அதை நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தாருங்கள் என்றார். எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர்க்காரன். டிப்ளமா முடித்துவிட்டு, கொஞ்ச காலம் சாலைப் பிரிவில் ஜல்லி அளந்தேன். கொஞ்ச காலம் பாலம் கட்டுகிற இடத்தில் சிமெண்டு மூட்டைகளுக்குக் காவல் இருந்தேன். எழுபதுகளில், புதுத் துறைமுகத்தின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், தூத்துக்குடிக்குக் கட்டட ஓவர்சியராக மாற்றலாகி வந்தேன். என் பொறுப்பில் விட்டது துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே மூன்று கட்டடங்கள்; ஒவ்வொன்றிலும் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. நான் வருவதற்கு முன்பே கட்டிக் குடியேற்றியாகிவிட்டது. நடுவில் ஒரே படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் படியிலிருந்து இரண்டு பக்கமும் நடை ஓடி, கடைசி வீட்டின் சுவரில் போய் முட்டும். மின்சார மீட்டர்கள் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மரப்பலகையில்.

எனக்கு மேலதிகாரி உதவிப் பொறியாளர் ஞானதுரை. நாசரேத்துக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். யாரிடமும் கத்த மாட்டார். கத்தினாலாவது தேவலை என்று காண்டிராக்டர்கள் சொல்வார்கள். ஏனென்றால் அவர் செய்வது இதுதான்: ஒரு கட்டடத்தைப் பார்வையிட வந்தால் நேராக மேல்மாடிக்குப் போவார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொள்வார். இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, வலது காலால் துழாவி, அப்படியே கீழே வரை இறங்குவார். யாரும் பிடிக்கக் கூடாது, வழி சொல்லவும் கூடாது. கீழே வந்து கட்டை அவிழ்த்ததும், கால் எங்கே இடித்தது, கை எங்கே சுவரை இழந்தது, எந்தப் படி மற்றதைவிட உயரம் என்று வரிசையாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். "புகை வந்துட்டா கண்ணு இல்ல வேய்" என்பார். "கண்ணு இல்லாதவனுக்குப் படி கட்டத் தெரிஞ்சாத்தான் நாம இன்ஜினியர்."

முதல் கட்டடத்தில் அவர் இறங்கியபோது கடைசித் திருப்பத்தில் ஒரு சைக்கிளில் மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். படிக்குக் கீழே சைக்கிள், விறகு, கட்டுக்கட்டாகக் கிழிந்த சாக்கு. சாக்கு, தரைத்தளத்தில் இருந்த சுடலைமுத்துவுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆள். கிழிந்த சாக்குகளை மலிவாக வாங்கி வந்து, வீட்டில் அவரும் மனைவியும் தைத்து விற்பார்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னோம். எடுத்தார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஒற்றை அறை வீட்டில் அவற்றை வேறு எங்கே வைப்பார்கள்?

அதே கட்டடத்தில் தீப்பிடித்தது ஒரு மத்தியானம். ஆண்கள் பெரும்பாலும் வேலையில் இருந்தார்கள். மீட்டர் பலகையில் பொறி பறந்ததைப் பார்த்ததாகப் பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். சாக்கு பற்றிக்கொண்டது. சாக்கில் தீ பெரிதாக எரியாது, புகைதான் கக்கும். அந்தப் புகைக்குப் போக ஒரே வழி படிக்கட்டு. புகைபோக்கியில் ஏறுவது போல அது மேலே ஏறியது.

மூன்றாவது மாடியில் ஒரு தாயும் அவள் மகளும் கீழே இறங்க முடியாமல் மொட்டைமாடியை நோக்கி ஓடியிருக்கிறார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. அங்கே கருவாடு காயப்போடுகிறார்கள், தளம் கெட்டுப்போகிறது என்று எங்கள் அலுவலகம் எப்போதோ போட்ட உத்தரவு. சாவி அலுவலக அலமாரியில் தொங்கியது. நான் சாவியோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் பூட்டை உடைத்து முடித்திருந்தார்கள். இரண்டு பேரின் உடலையும் சேலையில் சுற்றி இறக்கினார்கள். கையில் இருந்த சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.

அதன் பிறகு அறிக்கை. கோட்டப் பொறியாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். நல்லவர்தான், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. "குடியிருந்தவங்க எரியுற பொருளைப் பதுக்கி வச்சதால விபத்துன்னு முடிச்சிருங்க. கட்டடத்துல குறைன்னு எழுதினா, கட்டினது யாருன்னு கேப்பான்" என்றார்.

"கேக்கட்டும் சார்" என்றார் ஞானதுரை. "சாக்கு வச்சவன் மேல தப்புன்னு எழுதினா, அவனைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. கட்டடம் அப்படியே நிக்கும். குறை கட்டடத்துலன்னு எழுதினாத்தான் அதைச் சரிசெய்ய அரசாங்கம் துட்டுத் தரும்."

"உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு ஞானதுரை."

"அந்தப் பிள்ளைக்கும் இருந்துது சார்."

அப்படியே எழுதினார். ஒரே படிக்கட்டு, படிக்குக் கீழே மின்சாரப் பலகை, பூட்டிய கதவு. மூன்றும் எங்கள் குறை. நிதித்துறையிலிருந்து சென்னை அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். முதலில் அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். பிறகு ஞானதுரை தன் கைக்குட்டையை நீட்டினார். "மூணாவது மாடியிலேர்ந்து இதைக் கட்டிக்கிட்டு இறங்கிப் பாருங்க சார். நான் பின்னாலயே வாரேன்." கோட்டப் பொறியாளரின் முகம் வெளுத்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார். முதல் மாடிக்கு வருவதற்குள் சிரிப்பு நின்றுபோயிற்று. கரி படிந்த சுவரைத் தடவித் தடவிக் கீழே வந்து கட்டை அவிழ்த்தவர், கறுத்துப்போன தன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு படி எங்க வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பணம் ஒதுக்கி உத்தரவு வந்தது. முதல் கட்டமாக, தீப்பிடித்த கட்டடத்துக்கு மட்டும். மார்ச் முடிவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். மொட்டைமாடிப் பூட்டுகளைக் கழற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை, அதை மூன்று கட்டடங்களிலும் அன்றே செய்தோம். வந்த பணத்தில் அந்த ஒரு கட்டடத்தின் மீட்டர் பலகையை வெளிச்சுவருக்கு மாற்றினோம். மீதி இருந்தது இரண்டாவது படி.

மேற்குப் பக்கம் துறைமுக ரயில் பாதையின் வேலி ஒட்டியிருந்தது. ஆகவே கிழக்குப் பக்கம்தான். கட்டடத்துக்கு வெளியே படியைக் கட்டிவிடலாம். ஆனால் நடையிலிருந்து படிக்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு மாடியிலும் கிழக்குக் கடைசி வீட்டின் ஓர் ஓரத்தை, நடையின் அகலத்துக்கு, வெட்டி எடுக்க வேண்டும். இருக்கிற ஒரே அறையில் ஒரு பகுதி போகும், அந்த வீட்டின் ஜன்னலும் போகும். முதல் மாடிக்காரரும் மூன்றாவது மாடிக்காரரும் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். இரண்டாவது மாடியில் மோட்சம் என்ற பெண், வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

அவள் கணவர் சூசை. ஒரு காலத்தில் முத்துக் குளித்தவர். அது நின்றுபோன பிறகு துறைமுக வேலைக்கு வந்து, கப்பலின் அடித்தளத்தில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கட்டில் கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கிடந்தது.

நான் தனியாக இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தேன். குழாயடியில் மற்றப் பெண்கள் அவளுக்கு முறை விடுவதை நிறுத்தினார்கள். "ஒருத்திக்காக எங்க பிள்ளைய எல்லாம் சாவணுமா?" என்று மாடியிலிருந்து கத்தினார்கள். அவர்கள் கேட்டதிலும் தவறில்லை. ஏற்கெனவே இரண்டு உயிரைப் பார்த்தவர்கள். கோட்டப் பொறியாளர் போலீசை வைத்து வேலையைத் தொடங்கச் சொன்னார். மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூன்றாவது முறை ஞானதுரையும் வந்தார். மோட்சம் எழுந்து வழிவிட்டாள். வரைபடத்தைத் தரையில் விரிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏன் வேண்டாங்குற, சொல்லும்மா" என்றார்.

"படி கெட்டுனா ஓடுதவன் ஓடிருவான் சார். இவரு?" என்றாள் மோட்சம். "அன்னைக்குப் பொகை வாரப்ப நான் எங்கன ஓட? குசினியில இருந்த தண்ணிய எல்லாம் சேலையில ஊத்தி, கதவு இடுக்குல திணிச்சேன். இந்த ஜன்னலத் தொறந்து இவரு மொகத்த வெளிய திருப்பி வச்சேன். அதுலதான் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டோம். அந்த ஜன்னலத்தான நீங்க எடுக்கப் போறீய?"

எங்கள் வரைபடத்தில் அந்த ஜன்னல் ஒரு சின்னக் கோடு. ஞானதுரை எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

சூசை முதல்முறையாகப் பேசினார். "முங்குதவனுக்கு மேல கயித்தப் பிடிக்க ஒருத்தன் வேணும் சார். கயிறு ஆடுன ஒடனே இழுக்கணும். எங்களுக்கு மச்சினந்தான் பிடிப்பான், வேற ஆள நம்ப மாட்டோம். இங்கன எனக்குக் கயிறு பிடிக்கது இவ ஒருத்திதான். இவளால என்னத் தூக்க முடியாது. இவ என்ன விட்டுட்டு ஓடவும் மாட்டா. அப்ப, அந்தப் படி எங்களுக்கு இல்லல்லா?"

ஞானதுரை திரும்பினார். "இல்லதான்" என்றார். "நீங்க சொல்றது நியாயம். நான் யோசிக்காம வந்துட்டேன்."

கீழே இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "போலீஸ் வந்தா சுவரை இடிச்சிரலாம். அந்தாளை எங்க வைக்க? தரைத்தளத்துல ஒரு வீடு வேணும் வேய். மாத்திக்கிட யாராவது இருக்காங்களான்னு கேளும்."

வாசல் வாசலாகக் கேட்டேன். தரைத்தளம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஒருவர் வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தார். ஒருவர் வீட்டில் மகளுக்குப் பேறுகாலம். ஒருவருக்கு ஆஸ்துமா. ஜன்னல் போன, சிறுத்துப்போன மாடி வீட்டுக்குக் கீழ் வீட்டை யார் கொடுப்பார்? கடைசியாகச் சுடலைமுத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தீக்குப் பிறகு அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியே இருந்தது. அவரோடு யாரும் பேசுவதில்லை. அவர் மனைவி எல்லாரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் குழாய்க்கு வருவாள்.

நான் சொல்லி முடிப்பதற்குள் சுடலைமுத்து வெடித்தார். "ரெண்டு பேரக் கொன்னவன்னு பேரு வாங்கியாச்சு. இப்ப வீட்டையும் பிடுங்கணும், அப்படித்தான? எப்ப போலீசு வருமோன்னு ஒவ்வொரு நாளும் செத்துக்கிட்டுக் கெடக்கேன்."

நான் போய் ஞானதுரையை அழைத்து வந்தேன். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "போலீஸ் வராது. ரிப்போர்ட்ல உன் பேரு இல்ல."

"எஞ்சாக்குதான எரிஞ்சுது?"

"எரிஞ்சுது. அதுக்குப் பக்கத்துல மீட்டரை வச்சது கட்டினவங்க. ஒரே படி வச்சதும் அவங்க. மேல பூட்டினது ஆபீஸ். அதைத்தான் எழுதியிருக்கேன். அதுக்காகத்தான் துட்டே வந்திருக்கு."

சுடலைமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டாள். "இத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி சார்?" என்றார் கடைசியில். "முத்தத்துல எல்லாரும் இருக்கப்ப சொல்லுவீயளா?"

அரசாங்க அறிக்கையை வெளியே சொல்லக் கூடாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஞானதுரை என்னைப் பார்த்தார். "சாயங்காலம் எல்லாரையும் கூட்டும்" என்றார்.

வேலை முடிந்து ஆண்கள் திரும்பிய நேரம், முற்றத்தில் நின்று சொன்னார். அலங்காரம் இல்லை, மன்னிப்பு என்ற சொல்கூட இல்லை. எது எது தவறு, யார் செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இறந்தவளின் கணவர், கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், முன்னால் நின்று கேட்டார். முடிந்ததும் அவர் சுடலைமுத்துவின் தோளைத் தொட்டுவிட்டு மேலே போனார். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் அழுதாள்.

மறுநாள் காலை குழாயடிக்குச் சுடலைமுத்துவே வந்தார். "அக்கா, அண்ணாச்சியக் கீழ கொண்டாங்க. நாங்க மேல போறோம்" என்று மோட்சத்திடம் சொன்னார். "ஏளா, கொடத்த வைக்கவிடு அந்த அக்காவ" என்று யாரோ ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது.

சூசையை இறக்கிய நாளில்தான் அந்தப் படிக்கட்டின் இன்னொரு குறையும் தெரிந்தது. திருப்பத்தில் கட்டில் திரும்பவில்லை. பாய்மரத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் அவரைக் கிடத்தி, மூன்று ஆண்கள் தூக்கினார்கள். தலைப்பக்கம் சுடலைமுத்து. "ஏலே, மெதுவா, மூட்டன்னு நெனச்சிராதே" என்றார் சூசை. சுடலைமுத்து சிரிக்க முயன்றார், வரவில்லை. கீழே வாசலில் இறக்கி வைத்ததும் சூசை கையை மடக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். வெயில் கூசுகிறது என்றார். உள்ளே கொண்டுபோகட்டுமா என்று மோட்சம் கேட்டாள். "இருக்கட்டும்" என்றார். மத்தியானம்வரை அங்கேயே கிடந்தார்.

மார்ச் முடிவதற்கு முன் கிழக்குச் சுவரில் முதல் அடி விழுந்தது. அந்த வாரமே ஞானதுரைக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. முற்றத்தில் அவர் பேசியது யார் மூலமோ மேலே போய்விட்டது. வடக்கே, கடலே கண்ணில் படாத ஓர் ஊரில் குளம் குட்டைகளைப் பார்க்கிற வேலை. போகிற அன்றும் அஸ்திவாரக் குழியில் இறங்கி, கையால் மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

படி கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு முன்பு, குடியிருப்புக்காரர்களைக் கூப்பிட்டு, விருப்பமுள்ளவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பாருங்கள் என்றேன். சிலர் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கிழவர் வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். சுடலைமுத்து இரண்டாவது மாடியிலிருந்து, சுவரில் கை வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்த பிறகும் வெகுநேரம் கட்டை அவிழ்க்காமல் நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுப்பில் ஞானதுரை நாசரேத்துக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். படியின் புகைப்படத்தைக் காட்டினேன். கைப்பிடி உயரம், படியின் அகலம் என்று எல்லாவற்றையும் கேட்டார். சூசை எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மோட்சம் கொடுத்தனுப்பிய கருவாட்டை அவர் மனைவி வாங்கிக்கொண்டார். எல்லாம் பேசி முடித்து நான் எழுந்தபோது கேட்டார்:

"மத்த ரெண்டு கட்டடம்?"

இரண்டாம் கட்டத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை என்றேன்.

"எழுதும் வேய். வருசா வருசம் எழுதும்."

எழுதினேன். முதலில் ஓவர்சியராக, பிறகு பதவி உயர்ந்து அவர் உட்கார்ந்த அதே நாற்காலியிலிருந்து. நிதி நெருக்கடி என்று ஒரு வருடம் வந்தது, அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று ஒரு வருடம் வந்தது. விபத்து ஏதும் நிகழாததால் அவசரம் இல்லை என்று ஒரு பதில் வந்தது. அதைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் இருக்க முடியாமல் கடற்கரை வரை நடந்து போய்விட்டு வந்தேன். தீயணைப்பு வண்டியின் மணி எந்தத் திசையில் கேட்டாலும் முதலில் அந்த இரண்டு கட்டடங்கள் இருக்கும் பக்கம்தான் திரும்புவேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பழசாகிவிட்டன என்று அவற்றை இடித்துவிட்டார்கள். இடிக்கும் நாள்வரை அங்கே ஒரே படிக்கட்டுதான். அத்தனை வருடமும் ஜனங்கள் அதில் ஏறி இறங்கினார்கள், அடுப்பு மூட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள். ஒருமுறைகூடத் தீப்பிடிக்கவில்லை.

அதற்கு நாங்கள் காரணம் இல்லை.